புல் எலியவும் எமது குடிகளும்

மானிடவியல் பயிலப் புகுந்த கலைப்பீட மாணவனுக்கு எட்மண்ட் லீச்சின் 'புல் எலிய' (1961) எளிதான நூலன்று. அகராதியும் கையுமாக இருந்து அதனைப் படித்து முடித்த எமக்கு, மதிப்போடு ஒரு மனக்குறையும் எஞ்சியது. அதனையே இங்கு கூற விழைகின்றோம்.

லீச் கேம்பிறிட்ஜில் பொறியியல் பயின்றவர். அநுராதபுரத்துக்கு வடக்கேயுள்ள அச்சிற்றூரில் 1954 இல் தங்கிய அவர், குளத்தையும் வாய்க்காலையும் வயற்றுண்டுகளையும் ஒரு பொறியியலாளனின் கண்கொண்டே நோக்கினார். 1890 முதற்கொண்டு காணி எவர் கையிலிருந்து எவர் கைக்கு மாறிற்று என்பதைத் தேடித் தொகுத்தார். முன்னைய மானிடவியலார் உறவுமுறையைத் தனித்து நிற்கும் ஓர் அமைப்பாகக் கொண்டனர். லீச்சோ, அது காணியுரிமை பற்றிப் பேசுதற்கான ஒரு மொழியே என்றார். மணவுறவுகள் மாறும், குளத்து நீர் பாயும் வழி எளிதில் மாறாது. புவியியல், சட்டம், வரலாறு ஆகிய மூன்றையும் ஒரே வயல்வரம்பில் நிறுத்திக் காட்டிய இத்திறம் வியத்தற்குரியது. (பழைய வயலில் ஒருவருக்குரிய கூற்றை அவ்வூரார் 'பங்குவ' என்பர். தமிழ் மாணவன் அவ்விடத்திற் சற்றே நின்று செல்வான்.)

எனினும், இம்முடிபு எங்கும் பொருந்துமா? இக்கட்டுரையாளன் பிறந்தது மட்டக்களப்புப் பகுதியில். அங்கு வீடும் வளவும் சீதனமாகப் பெண்ணுக்கே சேரும். மருமகன் அவ்வீட்டுக்கு வந்து வாழ்வான். குடி தாய்வழியே வரும். சீதனத்தை மாத்திரம் நோக்கின் லீச் கூறுவது சரியெனவே தோன்றும். ஆனால், எந்தக் குடிக்கு எந்நாள் திருவிழா, எக்குடிக்கு முதல் மரியாதை என்ற வழக்குக் கோயிலில் எழும்போது, ஒரு முழக் காணிதானும் கைமாறுவதில்லை. ஆயினும் அதன்பொருட்டு ஆண்டுக்கணக்கில் முகம் பாராதிருந்த உறவினரை யாம் அறிவோம். குடி என்பது காணியின் மொழி மட்டுமேயெனின், இச்சினத்துக்குக் காரணம் யாது?

அக்கரைப்பற்றை ஆய்ந்த டெனிஸ் மக்கில்வ்ரே, தமது 2008 ஆம் ஆண்டு நூலில் குடியையும் கோயிலுரிமையையும் சேர்த்தே ஆராய்ந்துள்ளமை இவ்விடத்து நோக்கற்பாலது. அங்கு முஸ்லிம்களிடையேயும் தாய்வழிக் குடிமுறை உண்டாதலால், விடயத்தைச் சைவக் கோயிலோடு முடித்துவிடவும் இயலாது.

விடுமுறையில் அம்மம்மாவிடம் இதனைக் கேட்டோம். "காணி இண்டைக்கு இரிக்கும், நாளைக்கு விக்கலாம். குடிய ஆருக்கு விக்கிற?" என்றார். சமூகவியல், வரலாறு, தமிழ் என மூன்று கொப்பிகள் எம்மிடம் உள. எதில் எழுதுவதென நெடுநேரம் தெரியாதிருந்து, ஈற்றில் அவ்விடையைத் தமிழ்க் கொப்பியிலேயே எழுதி வைத்தோம்.