நட்பின் முதற்படி

நட்பைப் பற்றித் தமிழர் ஆழ்ந்து சிந்தித்துள்ளனர். திருவள்ளுவர் 79ஆம் அதிகாரத்தில் நட்பின் இயல்பை விளக்கி, 80ஆம் அதிகாரத்தில் ஆராய்ந்து நட்புக்கொள்ளுமாறு அறிவுறுத்துகின்றார். சிறுவர்க்குச் சொல்லப்படும் நட்புக் கதைகள் பெரிதும் இவ்வறிவுரையின் வழிப்பட்டவை. கரடியைக் கண்டதும் தோழனைக் கைவிட்டு மரமேறியவனின் கதையை அறியாத மாணவர் அரியர். ஆயின், அக்கதை தீய நட்பை இனங்காணக் கற்பிக்கின்றதேயன்றி, நட்பைத் தொடங்கும் வழியைக் காட்டுவதில்லை. புதிய வகுப்பில் தனித்து அமர்ந்திருக்கும் குழந்தைக்கு வேண்டுவது பின்னதே.

இக்குறையை நிறைவு செய்யும் ஆற்றல் படக்கதைக்கு உண்டு. பென் கிளான்டன் 2016இல் வெளியிட்ட நார்வால் கதைநூல் வாசிக்கத் தொடங்கும் சிறுவர்க்கானது. கொம்புடைய திமிங்கில வகையான நார்வாலும் ஒரு ஜெல்லிமீனும் அதில் சந்திக்கின்றன. ஒன்று கவலையறியாதது, மற்றொன்று கற்பனைக்கு எளிதில் இடங்கொடாதது. உருவிலும் குணத்திலும் ஒவ்வாத இவ்விரண்டும், தமக்குப் பிடித்த தின்பண்டத்தாலும் விளையாட்டாலும் இணைகின்றன. ஒத்த மகிழ்ச்சியே நட்பின் முதற்படி என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வுண்மையை மலேசிய மண்ணில் நிறுத்திக் காட்டியவர் ஓவியர் லாட். 1979இல் வெளிவந்த ‘கம்போங் பாய்’ நூலை அடுத்து, 1981இல் ‘டவுன் பாய்’ வெளிவந்தது. சிற்றூரிலிருந்து ஈப்போ நகருக்கு வரும் மலாய்ச் சிறுவன், பிராங்கி என்னும் சீனச் சிறுவனைத் தோழனாகப் பெறுகின்றான். பிராங்கியின் பெற்றோர் நடத்தும் கோப்பிக்கடையின் மாடியில், எல்விஸ் பிரெஸ்லியின் பாடல்களுக்கேற்ப இருவரும் கையில் இல்லாத கித்தாரை மீட்டி மகிழ்கின்றனர். இன ஒற்றுமை பற்றிய சொற்பொழிவுக்கு அங்குத் தேவை எழவில்லை. சொற்பொழிவு சொல்ல வேண்டியதை ஓவியமே கூறாமற் கூறிவிடுகின்றது. இறுதியில் ஈப்போ ரயில் நிலையத்திலிருந்து பிராங்கி இங்கிலாந்துக்குப் புறப்படுகின்றான். நட்பின் தொடக்கம் இயல்பாக அமைந்தமையாலேயே இப்பிரிவு நெஞ்சைத் தொடுகின்றது.

எனினும், ஆங்கிலத்தில் அமைந்து, வளரிளம் பருவத்தையும் பேசும் இந்நூல் தொடக்க வாசகர்க்கு முற்றும் பொருந்துவதன்று. அவர்க்குரிய நூல் தமிழில் வேண்டும். ஜொகூர் மாநிலத்தில் கூலாயிலோ குளுவாங்கிலோ தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்ற மாணவன், முதலாம் படிவத்தில் மலாய், சீன மாணவரிடையே அமர்கின்றான். அவன் நிலை ஈப்போவுக்கு வந்த சிறுவனின் நிலையே. அந்நாளை எதிர்கொள்ளும் துணிவைத் தமிழ்ப்பள்ளியிலேயே அவன் பெறவேண்டாவா?

படக்கதை மொழித்திறனைக் குறைத்துவிடும் என்று ஆசிரியர் சிலர் அஞ்சுவதுண்டு. சொற்கள் மலிந்து படம் வெறும் அழகுக்காக நிற்கும் நூலைக் காட்டிலும், பிழையற்ற சிறு தொடரும் பொருளுணர்த்தும் படமும் இணைந்த நூலே தொடக்க வாசகனைப் பக்கந்தோறும் அழைத்துச் செல்லும்.

இதற்குத் தமிழ் மரபும் தடையன்று. கூடிப் பழகுதலினும் ஒத்த உணர்ச்சியே நட்புரிமையை நல்கும் என்பது வள்ளுவர் அதே 79ஆம் அதிகாரத்தில் வகுத்த நெறியாகும். ஆராய்தலைக் கற்பித்த கதைகளோடு, அன்பாய் அணுகுதலைக் கற்பிக்கும் படக்கதைகளையும் ஆக்கித் தருவது எழுத்தாளர் கடன். அவற்றை வகுப்பறைக்குக் கொண்டு செல்வது ஆசிரியர் கடன்.