சியாமிசியனின் கணக்கும் கீட்டோனும்

1912 செப்டம்பரில் நியூயார்க்கில் கூடிய பயன்முறை வேதியியல் மாநாட்டில், இத்தாலியின் பொலோனா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜாக்கோமோ சியாமிசியன் ‘எதிர்கால ஒளிவேதியியல்’ என்ற பேருரையை நிகழ்த்தினார். சூரிய ஆற்றலைப் பற்றி எழுதுவோர் பலரும் அதன் கடைசிப் பகுதியை எடுத்துக்காட்டுவர். பாலை நிலங்களில் புகையில்லாத ஆலைகள், கண்ணாடிக் குழாய்களாலான காடுகள் என அவர் வரைந்த காட்சி அங்கேதான் இருக்கிறது. அழகான காட்சிதான். ஆனால் அவ்வுரையை மதிப்பிட வேண்டுமானால் முன்பகுதியிலுள்ள கணக்கைப் பார்க்க வேண்டும். பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்திற்கு 3 கலோரி வெப்பம் சூரியனிலிருந்து வருவதாக அவர் கொள்கிறார். நாளுக்கு ஆறு மணி நேர வெயில் என்றால், ஒரு சதுர மீட்டரில் விழும் வெப்பம் 1.35 கிலோ நிலக்கரிக்குச் சமம். அதை ஒரு கிலோ எனக் குறைத்துக்கொண்டு, 10,000 சதுர கிலோமீட்டர் பரப்பு ஆண்டுக்கு 365 கோடி டன் நிலக்கரிக்கு ஈடான வெப்பத்தைப் பெறும் என்கிறார். 1909இல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் வெட்டியெடுத்த நிலக்கரி, பழுப்பு நிலக்கரியையும் சேர்த்து, சுமார் 110 கோடி டன்தான்!

3 கலோரி என்பது மிகை. வளிமண்டலத்திற்கு வெளியேயே அது 1.95 அளவுதான், தரையில், தெளிந்த வானத்து நண்பகலில், ஏறக்குறைய 1.4. அதைக் கொண்டு கணக்கிட்டாலும் சுமார் 230 கோடி டன் வருகிறது. ஆகவே இந்தப் பிழையால் அவருடைய வாதம் விழவில்லை.

உண்மையான குறை வேறிடத்தில் உள்ளது. விழுகிற ஒளி முழுவதும் வேதிவினைக்குப் பயன்படும் என்பதுபோல் கணக்கு அமைந்துவிட்டது. அவரும் பால் சில்பரும் 1900இல் கண்டறிந்த வினையையே பாருங்கள். பென்சோஃபீனோன் என்ற கீட்டோனை ஆல்கஹாலில் கரைத்து வெயிலில் வைத்தார்கள். பென்சோபினக்கால் படிகங்கள் கிடைத்தன. ஒளியை உட்கவர்ந்த கீட்டோன் மூலக்கூறு, ஆல்கஹாலிடமிருந்து ஒரு ஹைட்ரஜன் அணுவைப் பறிக்கிறது. பிறகு அத்தகைய இரண்டு துணுக்குகள் இணைகின்றன. கீட்டோன் ஒடுக்கப்படுகிறது. ஆனால் இதற்குத் தேவையான கிளர்வு நிலைக்கு மோலுக்குச் சுமார் 69 கிலோகலோரி வேண்டும். 350 நானோமீட்டர் புற ஊதா ஒளி 82 கிலோகலோரி தருகிறது. 450 நானோமீட்டர் நீல ஒளியோ 64 மட்டுமே. தரைக்கு வரும் வெயிலில் புற ஊதாப் பங்கு நூற்றுக்கு ஐந்து அளவுதான். 230 கோடி டன்னை இருபதால் வகுத்துப் பாருங்கள், நிலக்கரி வென்றுவிடும்!

சியாமிசியன் இதை அறவே மறந்தார் என்று சொல்வது நியாயமன்று. தக்க வினையூக்கிகள் வேண்டும் என்று அவ்வுரையிலேயே கேட்கிறார். என் பார்வையில் உரையின் உயிர் அந்த இடம்தான். மேற்கோள் காட்டுவோர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அந்த வினையூக்கிகள் பின்னர் வந்தன. ருத்தேனியம், இரிடியம் ஆகியவற்றின் அணைவுச் சேர்மங்கள் நீல ஒளியை நன்றாக உட்கவர்கின்றன. அவை ஒளியின் ஆற்றலை அப்படியே கீட்டோனுக்குக் கைமாற்றத் தேவையில்லை. ஓர் அமீனிடமிருந்து எலெக்ட்ரானைப் பெற்று, அமிலம் போன்ற ஒன்றின் துணையோடு கீட்டோனுக்கு வழங்கினால் போதும். நேர்வழியில் 69 தேவைப்பட்ட இடத்தை இப்படிச் சுற்றுவழியில் கடக்கலாம்.

இதைச் சியாமிசியனின் கனவு பலித்தது என்று எழுதுபவர்களோடு நான் உடன்பட மாட்டேன். இவ்வினைகள் பெரும்பாலும் வெயிலில் நடப்பதில்லை. ஆய்வுக்கூடத்து நீல விளக்கின்கீழ், மின்சாரச் செலவில் நடக்கின்றன. எலெக்ட்ரானைத் தந்த அமீன் செலவாகிக் கழிவாகிறது. இரிடியமோ பூமியின் மேலோட்டில் தங்கத்தைவிட அரிது. அரிய மருந்துப் பொருள் ஒன்றைச் சில கிராம் செய்ய இந்த விலை கட்டுப்படியாகும். 110 கோடி டன் நிலக்கரியின் இடத்தை நிரப்ப, எலெக்ட்ரானைத் தண்ணீரிடமிருந்தே வாங்கும் வினையூக்கி வேண்டும்.