மராத்தி வினைமுற்றைக் காதால் ரசிப்பது எப்படி?

1911-இல் 'சங்கீத மானாபமான்' நாடகத்தில் பாமினி என்ற பெண்ணாக மேடையேறினார் பால கந்தர்வர். இயற்பெயர் நாராயண ஸ்ரீபாத ராஜ்ஹன்ஸ். அவர் புடவை கட்டும் அழகையும் நடையையும் குரலையும் மராத்தியர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். நம் ஊர் ஸ்திரீபார்ட் நடிகர்களும் இவற்றிலெல்லாம் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் அவர்களுக்குத் தேவைப்படாத ஒரு வேலை பால கந்தர்வருக்கு இருந்தது. தமிழில் ஆணானாலும் பெண்ணானாலும் "நான் போகிறேன்"தான். மராத்தியில் ஆண் 'மீ ஜாத்தோ' என்பான். பெண் 'மீ ஜாத்தே' என்பாள். "நான்" என்று வாய் திறந்தால் நிகழ்காலத்தில் வினையின் கடைசி எழுத்து பேசுபவரின் பாலைச் சொல்லிவிடும். மேடையில் அந்த ஓகாரத்தை ஏகாரமாக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

புனேயில் அவர் பெயரால் 1968-இல் திறந்த பால கந்தர்வ ரங்கமந்திர் ஜங்லி மகாராஜ் சாலையில் இருக்கிறது. மொழி அரைகுறையாகத் தெரிந்தாலும் அங்கே ஒரு நாடகத்துக்குப் போய் உட்காருங்கள். கதை புரியவில்லையே என்று தவிக்க வேண்டாம். வாக்கியம் எங்கே முடிகிறதோ அந்த இடத்தை மட்டும் கேளுங்கள். தமிழைப் போலவே மராத்தியிலும் வினை கடைசியில்தான் வரும். நம் காது அதற்குப் பழகிய காது.

பள்ளிக்கூடப் புத்தகத்தில் தொடங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். அங்கே காலம் மூன்று, ஒவ்வொன்றுக்கும் நான்கு உட்பிரிவு, அதற்குமேல் 'அர்த்தம்' என்ற பெயரில் நான்கு நிலைகள்: செய்தி சொல்வது, ஏவுவது, விழைவது, நிபந்தனை வைப்பது. தாதோபா பாண்டுரங்கின் இலக்கணம் 1836-இல் வந்தது. மோரோ கேசவ் தாம்ளேயின் பெரும் நூல் 'சாஸ்திரீய மராத்தீ வியாகரண்' 1911-இல், மானாபமான் மேடையேறிய அதே ஆண்டில், வெளிவந்தது. தாம்ளே வணங்கத்தக்கவர். ஆனால் அவரிடம் போகுமுன் நேரே மண்டைக்குப் போங்கள். மகாத்மா புலே மண்டை, 1886-இல் திறந்த காய்கறிச் சந்தை. பழம் வாங்குங்கள், தின்னுங்கள், தின்றதைச் சொல்லிப் பாருங்கள்.

மாம்பழம் ஆண்பால்: 'மீ ஆம்பா கால்லா'. போளி (இங்கே சப்பாத்திக்குப் பெயர்) பெண்பால்: 'மீ போளீ கால்லீ'. வாழைப்பழம் நபும்சகம்: 'மீ கேள கால்ல', கடைசி அகரத்தைச் சற்று இழுக்க வேண்டும். பல மாம்பழம் என்றால் 'கால்லே'. பல போளி என்றால் 'கால்ல்யா'. தின்றவர் யாராக இருந்தாலும் வினைக்கு அக்கறை இல்லை. தின்னப்பட்ட பொருளின் பின்னால் போய்விடுகிறது. "தின்றேன், தின்றான், தின்றாள்" என்று தின்றவரையே பற்றிக்கொள்ளும் வினைக்குப் பழகிய நமக்கு இது முதலில் தலைகீழாகத் தெரியும். தலைகீழாகத் தெரிகிற அந்த நொடியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ரசனை தொடங்குவது அங்கேதான்.

முன்னிலையில் இன்னும் அழகு. 'தூ போளீ கால்லீஸ்': நீ போளி தின்றாய். ஈகாரம் போளிக்கு, ஸ் உனக்கு. ஒரே வினை இரண்டு பேருக்கும் மரியாதை செய்கிறது. இலக்கணக்காரர்கள் இதற்குக் கர்த்தாவும் கர்மமும் கலந்த 'சங்கர' பிரயோகம் என்று பெயர் வைத்தார்கள். செயப்படுபொருள் வேற்றுமை உருபு ஏற்று நின்றால் வினை யாருடனும் ஒட்டாது: 'ராமானே ராவணாலா மார்ல'. ராமனும் ஆண், ராவணனும் ஆண். வினை மட்டும் நபும்சகத்தில் தனியே நிற்கும்.

இதன் வேர் சமஸ்கிருதத்தில் இருக்கிறது. "நான் பழம் தின்றேன்" என்பதை "என்னால் பழம் உண்ணப்பட்டது" என்று சொல்லும் வழக்கம் பெருகிப் பெருகி, பழைய இறந்தகால வினைகளை ஓரங்கட்டிவிட்டது. அந்த 'உண்ணப்பட்டது' பழத்தோடு இயைந்த பெயரெச்சம்; அதன் வழிவந்ததே மராத்தி இறந்தகாலம். இத்தாலிய மொழியிலும் இதற்கு ஒரு தூரத்து உறவு உண்டு. இலத்தீனில் "உண்ணப்பட்டதாகப் பழத்தை வைத்திருக்கிறேன்" என்ற அமைப்பிலிருந்து வளர்ந்தது அவர்களுடைய இறந்தகாலம். ஆப்பிள் தின்றதை 'ஓ மன்ஜாத்தோ லா மேலா' என்பார்கள். இங்கே வினை அசையாது. ஆப்பிளை "அதை" என்று சுருக்கி முன்னால் வைத்துவிட்டால் 'லோ மன்ஜாத்தா' என்று வினை பெண்பாலாகிவிடும், ஆப்பிள் அங்கே பெண்பால் என்பதால். இத்தாலியில் ஒரு மூலையில் எஞ்சியிருப்பது புனேயில் ஒவ்வொரு சாப்பாட்டு மேசையிலும் நடக்கிறது.

விதிவிலக்குகளைத் தொல்லையாக நினைக்க வேண்டாம். செயப்படுபொருள் இருந்தும் சில வினைகள் பேசுபவரை விட்டு நகர மறுக்கின்றன. 'மீ மராத்தீ ஷிக்லோ', நான் மராத்தி கற்றேன். 'மீ நாவ் விஸர்லோ', நான் பெயரை மறந்தேன். மராத்தி பெண்பால், நாவ் நபும்சகம். வினையோ ஆணாகிய என்னோடு நிற்கிறது. பெண் சொன்னால் 'ஷிக்லே', 'விஸர்லே'. தின்றதும் பார்த்ததும் வாங்கியதும் பொருளின் பக்கம் போக, கற்றதும் மறந்ததும் ஆளிடமே தங்கிவிடுகின்றன. இதைத் திட்டமிட்டு எவரும் செய்யவில்லை. ஆனாலும் இந்த மொழியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இனி நமக்குச் சொந்த ஊர் போன்ற பகுதி. புனேக்காரர் விடைபெறும்போது 'ஜாத்தோ' என்று சொல்ல மாட்டார். 'யேத்தோ', வருகிறேன், என்பார். பெண் 'யேத்தே' என்பார். உள்ளேயிருந்து கூப்பிட்டால் 'ஆலோ' என்று பதில் வரும். வந்தேன் என்று பொருள். ஆள் இன்னும் எழுந்திருக்கவே இல்லை. நம் "இதோ வந்துட்டேன்" அப்படியே. 'ஜாவூன் யேத்தோ' என்றால் போயிட்டு வர்றேன். துணைவினைகளைக் கேளுங்கள்: 'கரூன் பக்' செய்து பார், 'கரூன் டேவ்' செய்து வை, 'கரூன் கே' செய்துகொள், 'கரூன் டாக்' செய்துவிடு. நாமும் நாங்களும் வேறு என்பது இங்கேயும் உண்டு. 'ஆபண்' என்றால் கேட்பவரும் சேர்த்தி, 'ஆம்ஹீ' என்றால் இல்லை. இது திராவிட மொழிகளின் பழக்கத்திலிருந்து வந்திருக்கும் என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. 1920-இல் மராத்தியின் உருவாக்கம் பற்றிப் பிரெஞ்சில் நூல் வெளியிட்ட ஜூல் பிளோக், பின்னாளில் திராவிட மொழிகளின் இலக்கண அமைப்பைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார். இரண்டு கரையும் தெரிந்தவருக்கு இந்த ஆற்றின் அகலம் குறைவாகத்தான் தெரிந்திருக்கும்.

பழக்கத்தைச் சொல்லும் இறந்தகாலம் தனி இன்பம். எழுத்து மராத்தியில் 'தோ ரோஜ் யேயீ' என்றால் அவன் தினமும் வருவான், அந்தக் காலத்தில். ஞானேசுவரரின் பழைய நூலான ஞானேசுவரியின் மராத்தியில் இந்த ஈகார வடிவம் நிகழ்காலமாக இருந்தது. பின்னர் பழைய நாட்களைச் சொல்லும் வடிவமாக ஒதுங்கிக்கொண்டது. தமிழில் நாம் இதே வேலைக்கு எதிர்காலத்தை அழைக்கிறோம்: "சின்ன வயதில் தினமும் ஆற்றுக்குப் போவோம்." பேச்சு மராத்தியில் இப்போது 'யாய்ச்சா', 'ஜாய்ச்சோ'தான். 'யேயீ' கேட்க வேண்டுமென்றால் பழைய சிறுகதைகளுக்குப் போக வேண்டும். யாராவது சத்தமாக வாசித்துக் காட்டினால் நல்லது.

விழைவும் விலக்கும் பார்க்க வேண்டுமென்றால் தெருவில் நடங்கள். புனேயின் பழைய பேட்டைகளில் வாசற்கதவுகளில் தொங்கும் அறிவிப்புப் பலகைகளுக்குப் 'புணேரி பாட்யா' என்றே பெயர். அவற்றின் கண்டிப்பு மாநிலம் முழுக்கப் பிரசித்தம். அந்தக் கண்டிப்பைத் தாங்குவது ஒரு வினை: 'நயே'. 'வாஹன் லாவூ நயே', வண்டி நிறுத்தலாகாது. 'லாவூ நகா' என்றால் உங்களைப் பார்த்து "நிறுத்தாதீர்கள்" என்பது. 'நயே' எவரையும் பார்ப்பதில்லை; உலகத்துக்குச் சொல்லும் நெறி. வண்டிகள் பலவானால் 'வாஹனே லாவூ நயேத்' என்று விலக்கும் பன்மையாகும். அடுத்த பலகையில் அந்தத் தகரம் இருக்கிறதா என்று பாருங்கள். எழுதியவர் இலக்கணத்தில் எவ்வளவு கறார் என்பது அந்த ஒரு எழுத்தில் தெரியும்.

விழைவின் இனிய முகம் ஓகாரத்தில் முடியும் வடிவம், நம் "வாழ்க", "பெய்க" போல. 'தேவ் துஜ பல கரோ', கடவுள் உனக்கு நல்லது செய்க. 1290-இல் முடிந்ததாகக் கருதப்படும் ஞானேசுவரியின் இறுதியில் வரும் 'பஸாயதான்' வேண்டுதலில் இத்தகைய வினைகள் அடுத்தடுத்து வரும். ஞானேசுவரர் சமாதி கொண்ட ஆளந்தி புனேக்குப் பக்கத்தில்தான். அங்கே பலர் கூடி அதைப் பாடும்போது பொருளை விட்டுவிட்டு ஓகாரங்களை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள்.

இவ்வளவுக்கும் பின் காது தேர்ந்தவர்களுக்கென்று ஒன்று. நாம் "பார்க்க முடியவில்லை" என்று இரண்டு சொல்லால் சொல்வதை மராத்தி வினைக்குள்ளேயே ஏற்றிவிடும். 'பக்ணே' பார்ப்பது, நடுவில் ஒரு வகரம் சேர்த்து 'மலா பக்வத் நாஹீ' என்றால் என்னால் பார்க்கத் தாளவில்லை. கிழவர் 'ஆத்தா மலா சால்வத் நாஹீ' என்றால் நடக்க உடம்பு இடம் கொடுக்கவில்லை. 'சால்வணே' என்றே நடத்துவதற்கும் வண்டி ஓட்டுவதற்கும் வேறொரு வினை உண்டு, உருவம் ஒன்றுதான். "எனக்கு" என்ற பொருளில் 'மலா' முன்னால் வந்ததா என்று கவனித்தால் பிடிபடும். நோயாளியைப் பார்த்து வந்தவர்களும் வெள்ளச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களும் 'பக்வத் நாஹீ' என்பதை இயல்பாகச் சொல்வார்கள். மராத்தி தெரிந்த நண்பரிடம் கேட்டு, 'பக்த் நாஹீ', பார்ப்பதில்லை, என்பதையும் இதையும் அடுத்தடுத்துச் சொல்லச் சொல்லுங்கள். வகரம் சட்டென்று காதில் விழாது. இரண்டு மூன்று முறை கேட்க வேண்டியிருக்கும்.