நல்ல பிள்ளையின் கதி

பாட்டி, மகன், பேரன் என்று தலைமுறைகளை வரிசையாக நிறுத்திவிட்டால் நாவல் பெரிதாகிவிடும். ஆழமாகிவிடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பரம்பரைக் கதைகளைப் பற்றி எனக்கு எப்போதும் உள்ள சந்தேகம் இது. மின் ஜின் லீ ஆங்கிலத்தில் எழுதி 2017இல் வெளிவந்த ‘பச்சிங்கோ’வையும் அதே சந்தேகத்தோடுதான் எடுத்தேன். ஆசிரியை சியோலில் பிறந்து, ஏழாவது வயதில் பெற்றோருடன் அமெரிக்காவில் குடியேறியவர். அவர் எழுதியிருப்பதோ அமெரிக்காவை அல்ல. ஜப்பானில் குடியேறிய கொரியர்களை. படித்து முடித்தபோது சந்தேகம் முழுவதும் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் நோவா என்ற பாத்திரம் மனத்தை விட்டு நகர மறுக்கிறது.

கொரியாவை ஜப்பான் தன்னோடு இணைத்துக்கொண்ட 1910இல் கதை தொடங்குகிறது. பூசானை அடுத்த ஒரு தீவில் சாப்பாட்டு விடுதி நடத்தும் விதவையின் மகள் சுன்ஜா. ஹான்சு என்ற மீன் தரகனை நம்பிக் கருவுறுகிறாள். ஒஸாகாவில் அவனுக்கு மனைவி மக்கள் உண்டு என்று தெரிந்ததும், ஆசைநாயகியாக வாழ மறுத்துவிடுகிறாள். விடுதியில் நோயோடு வந்து தங்கிய ஈசாக் என்ற இளம் பாதிரியார் அவளை மணந்து, 1933இல் ஒஸாகாவுக்கு அழைத்துப் போகிறார். அங்கே பிறக்கும் மூத்தவன் நோவா, ஹான்சுவின் ரத்தம். ஈசாக்கின் பிள்ளையாக வளர்கிறான். இளையவன் மொசாசு, ஈசாக்கின் மகன்.

இந்தக் குடும்பத்தின் தலைக்கு மேல் எப்போதும் சட்டம் நிற்கிறது. 1952இல் சமாதான உடன்படிக்கை அமலுக்கு வந்தபோது ஜப்பானில் வாழ்ந்த கொரியர்கள் ஜப்பானியப் பிரஜா உரிமையை இழந்தார்கள். அங்கேயே பிறந்த பிள்ளைகளும் அந்நியர்கள்தான். பிறந்த மண் கணக்கில்லை. தகப்பன் ரத்தம்தான் கணக்கு. 1948இல் ஒரு சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட இலங்கை மலையகத் தமிழரை அறிந்த நமக்கு இது புதிய கதை அல்ல. மொசாசுவின் மகன் சாலமன் பதினான்கு வயதாகும் நாளன்று அரசாங்கக் காரியாலயத்துக்குப் போய்க் கைரேகை பதிக்கிறான். அன்று மாலை பிறந்தநாள் விருந்து. விரலில் ஒட்டிய மை சுலபத்தில் போவதில்லை. நாவலின் மிகச் சிறந்த இடங்களில் ஒன்று இது. ஆசிரியை இங்கே கோபப்படவில்லை, பிரசங்கம் செய்யவில்லை. நிரந்தரக் குடிகளான கொரியர்களுக்கு இந்தக் கைரேகை வழக்கம் 1993இல்தான் நீங்கியது என்பது சரித்திரம்.

‘பாரபட்சத்தைப் பற்றிய நாவல்’ என்று இதைச் சொல்கிறார்கள். அப்படிச் சொல்வது பாதிதான் சரி. பாரபட்சம் வீட்டு வாசலில் நின்றுவிடுவதில்லை. உள்ளே வந்து, தாய்க்கும் மகனுக்கும் நடுவே உட்கார்ந்துகொள்கிறது என்பதுதான் இந்த நாவலின் உண்மையான விஷயம்.

நோவா நல்ல பிள்ளை. கொரியன் அழுக்கானவன், திருடன், சண்டைக்காரன் என்று பள்ளிக்கூடத்தில் சொல்கிறார்கள். சொன்னவர்களை அவன் எதிர்ப்பதில்லை. தான் அப்படி இல்லை என்று வாழ்ந்து காட்ட முயல்கிறான். வாசேடா சர்வகலாசாலையில் ஆங்கில இலக்கியம் படிக்கிறான். படிப்புக்குப் பணம் கொடுப்பவன் ஹான்சு. அவனே தன் தகப்பன், அதுவும் குண்டர் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்று ஒரு நாள் தெரிகிறது. அந்தக் கணத்தில் நோவா என்ன நினைக்கிறான்? தன் ரத்தம் கெட்டது என்று நினைக்கிறான். இதைத்தானே ஊரார் இத்தனை நாளும் சொன்னார்கள்! பகைவரின் வேதத்தை நல்ல பிள்ளையே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறான். நகானோவுக்குப் போய், பேரை மாற்றி, ஜப்பானியனாகவே வாழ்ந்து, ஜப்பானியப் பெண்ணை மணந்து, நான்கு குழந்தைகளுக்குத் தகப்பனாகிறான். பதினாறு வருஷம் கழித்து, 1978இல், தாய் தேடி வந்து பார்த்துவிட்டுப் போகிறாள். அவன் தன்னைச் சுட்டுக்கொண்டு சாகிறான்.

தாய் ஒளித்தது மகனின் மானத்தைக் காக்க. மகன் ஒளிந்தது தன் குழந்தைகளைக் காக்க. இரண்டும் அன்பினால் செய்தவை; இரண்டும் கொல்கின்றன. அந்தக் குழந்தைகளுக்குத் தகப்பனின் கதை எந்த நாளும் தெரியப்போவதில்லை என்பதை நினைத்தால்தான் இந்தச் சாவின் கனம் புரியும்.

இந்தச் சாவு சற்று அவசரமானது, நாடகத்தனமானது என்று சிலர் குறைப்படலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாவலுக்கு வெளியே, 1970இல், ஜப்பானியப் பெயரில் விண்ணப்பித்த ஒரு கொரிய இளைஞருக்கு ஹிட்டாச்சி கம்பெனி கொடுத்த வேலையை, பிறப்பு தெரிந்ததும் பறித்துக்கொண்டது. அவர் வழக்காடினார், 1974இல் யோகோஹாமா நீதிமன்றத்தில் ஜெயித்தார். நோவாவின் காலத்திலேயே வேறு வழியும் இருந்தது. அந்த வழியில் போக, தன்னைப் பற்றி வெட்கப்படாத மனம் வேண்டும். அது நோவாவிடம் இல்லை. படிக்காத மொசாசுவிடம் இருந்தது. கெட்டவன் என்ற பேரைப் பொருட்படுத்தாமல் அவன் பச்சிங்கோ சூதாட்ட நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து முதலாளியாகிறான். ஆணிகளின் நடுவே இரும்புக் குண்டுகள் விழும் அந்த விளையாட்டில், இரவில் ஆணிகளை லேசாகத் திருத்தி வைப்பவனுக்குத்தான் ஆட்டத்தின் போக்கு தெரியும். சமூகத்துக்கும் இது பொருந்தும் என்று ஆசிரியை உரக்கச் சொல்லாமல் விட்டது நல்லது.

குறைகளும் உண்டு. கஷ்டம் முற்றும்போதெல்லாம் ஹான்சு வந்து காப்பாற்றிவிடுகிறான். சினிமாவில் பார்த்த சங்கதி. மூன்றாம் பாகம் ஓடுகிறது. சாலமனும் அவனுடைய அமெரிக்கக் காதலியும் சுன்ஜாவின் பக்கத்தில் நிழல்களாகத்தான் தெரிகிறார்கள். ஆனால் கடைசியில், ஈசாக்கின் கல்லறைக்குப் போகும் சுன்ஜா, மறைந்து வாழ்ந்த காலத்திலும் நோவா அங்கே வந்துகொண்டிருந்தான் என்று காவல்காரன் வாயால் அறிகிறாள். ரத்தம் தராத தகப்பனைத்தான் அவன் தகப்பனாக வரித்திருக்கிறான். அவனுக்கே அது விளங்கியிருந்தால் பிழைத்திருப்பான்.

‘பூர்வீகம் எது?’ என்று புதிதாக வந்தவரைச் சுபாவமாகக் கேட்டுவிடுகிற நாம், அந்தக் கேள்வி கேட்கப்பட்டவரின் வீட்டுக்குள் போய் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள, இந்த நாவலை ஒரு முறை படிக்கலாம்.