பட்டால் மட்டும் போதுமா? கெட் என்ற மந்திரவாதியை முன்வைத்து

ஃபேன்டஸி நாவல்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஒரு வாய்ப்பாடு சுலபமாக வந்து விழும். நாயகன் எளியவன், கஷ்டம் வருகிறது, அடிபடுகிறான், அதனால் பெரியவன் ஆகிறான். 'பட்டால்தான் புத்தி வரும்' என்று நம் வீடுகளில் சொல்வதும் இதையேதான். எனக்கு இதில் உறுத்துவது அந்த 'அதனால்' என்ற ஒரு சொல். கஷ்டம் தானாக யாரையும் வளர்த்துவிடுமா என்ன?

டோல்கீனின் மோதிரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' (1954-55) படித்தவர்களுக்குத் தெரியும், அந்த மோதிரம் கொல்லமிடம் சுமார் 500 வருஷம் இருந்தது, பில்போவிடம் 60 வருஷம். கொல்லம் அதற்காக முதல் நாளே நண்பனைக் கொன்றான். பில்போவுக்கோ, இருட்டில் கொல்லமைக் குத்திக் கொல்ல வாய்ப்பு கிடைத்தும், பாவம் என்று தோன்றி அவனைத் தாண்டிக் குதித்து ஓடினான். மோதிரம் பில்போவை அதிகம் கெடுக்காததற்கு அந்த இரக்கம்தான் காரணம் என்று கேண்டால்ஃப் பிறகு விளக்குகிறார். சுமை ஒன்றுதான். சுமக்கத் தொடங்கிய விதம் வேறு.

இதை இன்னும் நெருக்கமாகப் பார்க்க எனக்கு உதவும் புத்தகம் உர்சுலா கே. லெ குவின் எழுதிய 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ' (1968). நாயகன் கெட், கோன்ட் தீவில் ஆடு மேய்த்த பையன். ஓகியன் என்ற குருவிடம் சேருகிறான். மழையை விரட்டத் தெரிந்தும் நனைந்துகொண்டே நடக்கிற மனிதர் அவர். பையனுக்கு அந்தப் பொறுமை பிடிக்கவில்லை. சீக்கிரம் சக்தி வேண்டும். இங்கேயே இருக்கலாம், ரோக் தீவின் பள்ளிக்கும் போகலாம், நீயே முடிவு செய் என்கிறார் குரு. கெட் ரோக்கைத் தேர்ந்தெடுக்கிறான். விதி இழுத்துப் போகவில்லை, தீர்க்கதரிசனம் எதுவும் தள்ளவில்லை. அவனே கேட்டு வாங்கிய பாதை அது.

பள்ளியில் ஜாஸ்பர் என்ற மாணவனோடு வீம்பு. யார் பெரியவன் என்று காட்ட, செத்தவரின் ஆவியை அழைக்கிறான். கிழிந்த இடத்தின் வழியே ஒரு நிழல் உள்ளே வந்து அவன் முகத்தைக் கிழித்துப் போடுகிறது. அந்தக் கிழிசலை அடைக்கத் தன் சக்தி முழுவதையும் செலவழித்துத் தலைமை மந்திரவாதி நெம்மர்லே இறந்துபோகிறார். வழக்கமான கதையில் இந்த இடத்திலேயே பையன் திருந்தியிருப்பான். கெட் திருந்தவில்லை, பயப்படுகிறான். முன்பு திமிர், இப்போது அச்சம். கஷ்டம் அவனுக்குக் கொடுத்தது அவ்வளவுதான். இதை ஒளிக்காமல் எழுதியிருப்பது லெ குவினின் நேர்மை.

அப்போ, வளர்ச்சி எங்கே நடக்கிறது? என் வாசிப்பில் இரண்டு இடங்கள்.

ஒன்று, பெண்டார் தீவின் டிராகன். கெட் அப்போது லோ டோர்னிங் என்ற சின்ன ஊரில், மீனவர்களுக்கு நடுவே மந்திரவாதியாக இருக்கிறான். நிழல் துரத்துவதால் அங்கிருந்து போயாக வேண்டும். ஆனால் டிராகன் பயத்தில் இருக்கும் ஜனங்களை அப்படியே விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. போய் மோதுகிறான். கிழட்டு டிராகன் பேரம் பேசுகிறது: உன்னைத் துரத்தும் நிழலின் பெயரைச் சொல்கிறேன் என்று. எர்த்ஸீயில் ஒன்றின் உண்மைப் பெயர் தெரிந்தால் அதை அடக்கலாம். அதாவது, கேட்டிருந்தால் அவன் தலை தப்பியிருக்கும். அவன் கேட்டதோ, இனி நீ தீவுகளின் பக்கம் பறந்து வரக் கூடாது என்ற சத்தியத்தை. தன்னிடம் இருந்த ஒரே துருப்பை ஊர்க்காரர்களுக்காகச் செலவழித்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறான். ஜாஸ்பரிடம் வீம்பு பேசிய அதே பையன்தானா இவன் என்று நமக்கே தோன்றும்.

இரண்டாவது, ஓட்டத்தை நிறுத்துவது. ஓடி ஓடிக் களைத்து, பருந்து உருவில் பழைய குருவிடமே வந்து விழுகிறான். ஓகியன் மந்திரம் எதுவும் கொடுக்கவில்லை. திரும்பி நின்று அதை நீ துரத்து என்கிறார், அவ்வளவுதான். கெட் திரும்புகிறான். அந்தக் கணத்திலிருந்து ஓடுவது நிழல். கடைசியில் இருவரும் சந்திக்கும்போது சண்டையே இல்லை. நிழலுக்கு அவன் சூட்டும் பெயர் அவனுடைய சொந்தப் பெயர். வென்றான் என்றும் சொல்ல முடியாது, தோற்றான் என்றும் சொல்ல முடியாது. தன்னுடையதைத் தன்னுடையது என்று ஒப்புக்கொண்டான். அவன் சக்தி ஒரு துளிகூட ஏறவில்லை என்பதைக் கவனியுங்கள். கணினி விளையாட்டில் 'லெவல்' ஏறுவதுபோல நாயகன் வளர்வதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த முடிவு சப்பென்று இருக்கலாம்.

இந்த நாவலிடம் எனக்கு ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. கெட் வளர்ந்தான், சரி. அதற்கு விலை கொடுத்தது யார்? நெம்மர்லே செத்தார். கதையோ அவரை வேகமாகக் கடந்துவிடுகிறது. நாயகனின் பாடத்துக்காக மற்றவர்கள் சாவது ஃபேன்டஸியின் பழைய வியாதி. பெண்களுக்கும் இந்த முதல் புத்தகத்தில் பெரிய இடமில்லை.

லெ குவினே இதற்குத் திரும்பி வந்தார் என்று நினைக்கிறேன். 'தெஹானு' வெளியானது 1990இல். அதில் கெட்டிடம் மந்திரமே கிடையாது. மூன்றாம் புத்தகத்தில் உலகைக் காப்பாற்ற எல்லாவற்றையும் செலவழித்தவன், இப்போது வெட்கத்தோடு ஊர் திரும்பி மறுபடி ஆடு மேய்க்கிறான். கதையின் மையத்தில் இருப்பவர்கள் நடுவயதுப் பெண் டெனாரும், சொந்தக் குடும்பமே நெருப்பில் தள்ளிய ஒரு சிறுமியும். அந்தத் தீக்காயத்தை ஒரு சோதனை என்றோ, அவளைப் பக்குவப்படுத்த வந்தது என்றோ என்னால் அந்தப் புத்தகத்தில் படிக்க முடியவில்லை. அது கொடுமை, கடைசி வரை கொடுமைதான். சிறுமிக்கு உதவுவது பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்து, அவளைத் தொட்டு, சோறு போட்டு, பேச்சுக் கொடுத்ததுதான். அதுவும் ஒரு தேர்வு. டெனார் தினமும் செய்த தேர்வு.

பொன்னை நெருப்பில் போட்டால் மின்னும் என்போம். சிறுமியை நெருப்பில் போட்டவர்களும் அதையே சாக்காகச் சொல்லிக்கொள்ளலாமே. கஷ்டத்தைப் புகழும் கதைகளைப் படிக்கும்போது நான் இப்போதெல்லாம் இதைத்தான் கேட்டுப் பார்க்கிறேன்: இது நாயகன் எடுத்த முடிவைக் கொண்டாடுகிறதா, அவன் மேல் விழுந்த அடியைக் கொண்டாடுகிறதா? இரண்டாவது என்றால், அந்தக் கதை அடித்தவனுக்கும் சேர்த்து நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறது.