மீன் எண்ணெய்ப் புட்டியின் முன்பக்கமும் பின்பக்கமும்

மயிலாப்பூரில் எங்கள் எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் இருக்கிறார். இதய இரத்தக் குழாயில் அடைப்பு ஏற்பட்டு, நான்கு ஆண்டுகளுக்கு முன் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். அண்மையில் ஒரு மாலை இரண்டு புட்டிகளுடன் என் வீட்டுக்கு வந்தார். "நீங்க சயன்ஸ் வாத்தியார். இந்த ரெண்டுல எது ஒசத்தி, பார்த்துச் சொல்லுங்கோ" என்றார். இரண்டும் மீன் எண்ணெய்க் குளிகைகள். மீன் வாசனை வாசற்படி ஏறாத வீடு அவருடையது. மருந்து என்று பெயர் வைத்துவிட்டால் ஆசாரம் சற்று விலகி நிற்கும் போலும்.

நான் கற்பிப்பது இயற்பியல், மருத்துவம் அன்று. ஆயினும் ஓர் அளவை எங்கே எழுதியிருக்கிறார்கள், எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பது எங்கள் தொழில். அந்த முறையில் இரண்டு புட்டிகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

முதற் புட்டியின் முன்பக்கத்தில் ஓர் இதயத்தின் படம். அதனருகே பெரிய எழுத்தில் '1000 மி.கி.'. பின்பக்கத்தில், கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கவேண்டிய எழுத்தில், இ.பி.ஏ. 180 மி.கி., டி.எச்.ஏ. 120 மி.கி. என்று இருந்தது. ஒமேகா-3 என்று பேசப்படும் கொழுப்பு அமிலங்களில் மீனுக்குப் பெருமை தேடித் தந்தவை இவ்விரண்டுமே. ஆக, ஆயிரத்தில் முந்நூறுதான் சரக்கு. மீதி எழுநூறில் பெரும்பகுதி மற்றக் கொழுப்புகள். முன்பக்கம் பொய் சொல்லவில்லை. எண்ணெயின் எடை ஆயிரம் என்பது உண்மையே. வாங்குபவர் எதை எடைபோட நினைக்கிறாரோ அதை அது சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது புட்டி காட் மீனின் ஈரல் எண்ணெய். ஒரு குளிகையில் 300 மி.கி. எண்ணெய். இதில் ஐந்தில் ஒரு பங்கு அவ்விரு அமிலங்கள் என்று கொண்டாலும் 60 மி.கி.தான் தேறும். இந்தப் புட்டியின் பெருமை வேறிடத்தில் இருக்கிறது: வைட்டமின் ஏ, வைட்டமின் டி. 1922-இல் மெக்கல்லம் என்ற அமெரிக்க விஞ்ஞானி, ஈரல் எண்ணெயைச் சூடாக்கி அதனுள் காற்றைச் செலுத்தினார். அதிலிருந்த வைட்டமின் ஏ அழிந்தது. கண்நோயைத் தீர்க்கும் ஆற்றல் போயிற்று. ஆனால் எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோயை அதே எண்ணெய் தொடர்ந்து குணப்படுத்தியது. அப்படியானால் அதில் இன்னொரு சத்து இருந்தாக வேண்டும். வைட்டமின் டி இவ்வாறு கண்டறியப்பட்டது.

இரண்டாம் உலகப் போரில் நார்வேயிலிருந்து காட் எண்ணெய் வருவது தடைப்பட்டபோது, அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த கோழிக்கோட்டில் மீன்துறையினர் சுறா ஈரலிலிருந்து எண்ணெய் எடுத்தார்கள். அதன் தரம் வைட்டமின் ஏ-யின் அளவைக் கொண்டு மதிக்கப்பட்டது. இதயத்தைப் பற்றி எவரும் அன்று பேசவில்லை. நம் பாட்டிமார் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊட்டிய எண்ணெய் இந்த வகையைச் சேர்ந்தது. இன்று 'மீன் எண்ணெய்' என்று விற்பனையாவதில் பெரும்பகுதி நெத்திலி, மத்தி போன்ற மீன்களின் உடலிலிருந்து எடுப்பது. பெயர் ஒற்றுமையால் ஒன்றின் நற்பெயரை மற்றது அனுபவிக்கிறது. இதய நலம் கருதி ஈரல் எண்ணெயின் அளவைக் கூட்டிக்கொண்டே போனால் வைட்டமின் ஏ மிகுந்து தீங்காகும்; கருவுற்ற பெண்கள் இதில் மிகவும் எச்சரிக்கையாக இருக்கவேண்டும்.

இதைச் சொல்லி முடித்து, எழுந்திருக்கலாம் என்று பார்த்தேன். அப்போதுதான் பெரியவர், "இதை ஆரம்பிச்சப்புறம் ராத்திரி மாத்திரையை நிறுத்திட்டேன். ரெண்டு மாசமாச்சு. ரெண்டுமே கொழுப்புக்குத்தானே?" என்றார். ராத்திரி மாத்திரை என்பது இதய மருத்துவர் எழுதிக்கொடுத்த ஸ்டாட்டின். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இரண்டும் ஒன்று என்ற எண்ணம் அவருக்கு எங்கிருந்து வந்தது? புட்டியின் மேலிருந்த இதயப் படத்திலிருந்துதான். அந்தப் படத்துக்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. 1970-களில் பாங், டயர்பெர்க் என்ற டென்மார்க் நாட்டு மருத்துவர்கள் கிரீன்லாந்து எஸ்கிமோக்களின் உணவையும் இரத்தத்தையும் ஆராய்ந்தனர். சீலையும் மீனையும் உண்ணும் அம்மக்களுக்கு மாரடைப்பு அரிது என்ற கருத்து அதிலிருந்து உலகெங்கும் பரவியது. அவர்களுள் எத்தனை பேருக்கு இதயநோய் இருந்தது என்பதை அம்மருத்துவர்கள் தாமே எண்ணிப் பார்க்கவில்லை என்று 2014-இல் வெளியான ஒரு மறு ஆய்வு எடுத்துக்காட்டியது. ஒரு பெரிய மாளிகையின் அடித்தளம் இப்படியா இருக்கவேண்டும்!

ஆயினும் மாளிகை வெறுங்காற்றில் எழும்பவில்லை. 1999-இல் இத்தாலியில், மாரடைப்பிலிருந்து பிழைத்த 11,324 பேரிடம் நடந்த சோதனையில், நாள்தோறும் ஏறத்தாழ ஒரு கிராம் ஒமேகா-3 கொடுத்ததில் இறப்பு குறைந்தது. அப்போது ஸ்டாட்டின் இன்றளவு வழக்கில் இல்லை. பின்னர் அது பரவிய காலத்தில், 2018-இல் பிரிட்டனில் 15,480 நீரிழிவு நோயாளிகளைக் கொண்ட சோதனையின் முடிவு வெளியாயிற்று. சராசரி ஏழு ஆண்டுகளுக்கு மேல், பாதிப்பேருக்குத் தினமும் ஒரு கிராம் மீன் எண்ணெய்க் குளிகை. பாதிப்பேருக்கு ஆலிவ் எண்ணெய். கடுமையான இதய, இரத்தக்குழாய்க் கோளாறு கண்டவர்கள் முதற் பிரிவில் 8.9 விழுக்காடு, இரண்டாவதில் 9.2 விழுக்காடு. தற்செயலாகவே நேரக்கூடிய வேறுபாடு இது. அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடந்த சோதனையிலும் பெரிய இதயக் கோளாறுகள் மொத்தத்தில் குறையவில்லை.

இதற்கு மாறான ஒரு முடிவும் உண்டு. விளம்பரக்காரர்கள் விரும்பி எடுத்துக்காட்டுவது அதைத்தான். தூய்மைப்படுத்திய இ.பி.ஏ. மருந்தை நாளொன்றுக்கு 4 கிராம் கொடுத்த ஒரு சோதனையில், 8,179 பேரிடையே இதயக் கோளாறுகள் நான்கில் ஒரு பங்கு குறைந்தன. ஆனால் ஒப்பிடுவதற்குக் கொடுத்த கனிம எண்ணெயே மறு பிரிவினருக்குக் கெடுதல் செய்ததோ என்ற ஐயம் இன்னும் தீரவில்லை. இ.பி.ஏ.யும் டி.எச்.ஏ.யும் கலந்த மருந்தை அதே 4 கிராம் கொடுத்து, ஒப்பீட்டுக்குச் சோள எண்ணெயைப் பயன்படுத்திய வேறொரு சோதனை 2020-இல் பயனில்லை என்று நிறுத்தப்பட்டது. அதில் 13,078 பேர் இருந்தனர். இரு சோதனைகளிலும் மருந்து உண்டவர்களிடம் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் ஒருவகைக் கோளாறு சற்று மிகுதியாகக் காணப்பட்டது.

சரி, ஐயத்தை ஒதுக்கிவிட்டு அந்த நல்ல முடிவையே ஏற்போம். பெரியவரின் புட்டியில் அந்த அளவை எட்ட எத்தனை குளிகை வேண்டும்? ஒன்றில் இ.பி.ஏ. 180 மி.கி. என்றால், 4000-ஐ 180-ஆல் வகுக்க 22-க்குச் சற்று மேல் வரும். அவர் உண்பது ஒன்று. இருபத்திரண்டு விழுங்கச் சொல்கிறேன் என்று யாரும் எண்ணவேண்டாம். ஒரு பொருளில் செய்த சோதனையின் பெருமையை வேறு பொருள் கடன் வாங்கியிருக்கிறது என்பதே கணக்கின் பொருள். இரத்தத்தில் டிரைகிளிசரைடு மிகுந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 4 கிராம் வரை ஒமேகா-3 மருந்து கொடுத்தால் அது குறைகிறது என்பது மெய்ப்பிக்கப்பட்டதே. அது மருத்துவர் அளவிட்டுக் கொடுப்பது. கடைப் புட்டியின் மூலையிலோ, இந்தியச் சட்டப்படி, 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அன்று' என்ற பொருளுள்ள ஆங்கில வாசகம் அச்சிட்டிருந்தது. மருந்துக் கடையில், மருந்துகளின் நடுவில், மருந்து போன்ற புட்டியில்!

இனி என் துறைக்கு நெருங்கிய ஒரு செய்தி. டி.எச்.ஏ. மூலக்கூறில் ஆறு இரட்டைப் பிணைப்புகளும் இ.பி.ஏ.யில் ஐந்தும் உள்ளன. இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு இடைப்பட்ட கார்பன் அணுவிலிருந்து ஹைட்ரஜனை எளிதில் பறித்துவிடலாம். அவ்விடத்தில் ஆக்சிஜன் ஒட்டிக்கொள்ளும்; அப்படி மாறிய மூலக்கூறு பக்கத்து மூலக்கூறின் ஹைட்ரஜனைப் பறிக்கும். இது ஒரு சங்கிலி வினை. எண்ணெய் சிக்கு வாடை அடிப்பது இதனால்தான். வெப்பநிலை 10 பாகை கூடினால் வினையின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்ற தோராய விதிப்படி, 20 பாகையில் வைக்கவேண்டிய எண்ணெய் நம் ஊர் மே மாத 40 பாகையில் நான்கு மடங்கு வேகத்தில் கெடும். கெட்டதன் அளவுக்குப் பெராக்சைடு எண் என்று பெயர். 2017-இல் வந்த உலக உணவுத் தர விதிகளின்படி, சாதாரண மீன் எண்ணெயில் அது 5-ஐத் தாண்டலாகாது. நான் பார்த்த இரு புட்டிகளிலும் அந்த எண் இல்லை. தயாரித்த தேதி, காலாவதித் தேதி, விலை எல்லாம் உண்டு. எண்ணெய் ஜெலட்டின் உறைக்குள் ஒளிந்திருப்பதால் மூக்குக்கும் வேலை இல்லை.

மூக்குக்கு வேலை கொடுத்துப் பார்த்தோம். ஒரு குளிகையை ஊசியால் குத்தித் தட்டில் பிழிந்தேன். முதற் புட்டியினது இலேசான மீன் வாடை, தாளலாம். இரண்டாவதிலிருந்து பழைய பெயிண்டு டப்பாவைத் திறந்தாற்போல ஒரு நெடி. உள்ளேயிருந்து என் மனைவி, "தட்டோடு மொட்டை மாடிக்குப் போங்க" என்று குரல் கொடுத்தாள். போனோம்.

மாடியில் பெரியவர், "அப்போ எதைத்தான் வாங்கறது?" என்றார். மீன் உண்பவராயிருந்தால் பதில் எளிது. நொச்சிக்குப்பம் மீன் சந்தை ஒரு நடை தூரம். நல்ல பருவத்தில் 100 கிராம் மத்தியில் ஒரு கிராமுக்குக் குறையாமல் இவ்விரு அமிலங்களும் கிடைக்கும். வஞ்சிரத்துக்குக் கொடுக்கும் விலையில் சிறு பகுதிதான் மத்திக்கு. உண்ணாதவர்களுக்குக் கடற்பாசி எண்ணெய் இருக்கிறது. மீனுக்கே இச்சத்து கடலின் நுண்பாசியிலிருந்துதான் வந்து சேர்கிறது. எதை வாங்கினாலும் முன்பக்கத்தைப் பாராமல் இ.பி.ஏ., டி.எச்.ஏ. இரண்டையும் கூட்டி, விலையை அந்தக் கூட்டுத்தொகையால் வகுத்துப் பார்க்கவேண்டும். எண்ணெய் சிக்குப் பிடிக்கவில்லை என்பதற்குத் தயாரிப்பாளர் சோதனைச் சான்று வெளியிடுகிறாரா என்று விசாரிக்கவேண்டும். ஆனால் அவருக்கு நான் சொன்னது இவற்றுள் எதுவும் அன்று. "மாமா, மறுநாளே டாக்டரைப் பாருங்கள். இரண்டு மாதம் மாத்திரையை நிறுத்தியதை மறைக்காமல் சொல்லுங்கள். இந்தப் புட்டிகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்" என்றேன்.

போய் வந்தார். ராத்திரி மாத்திரை மீண்டும் தொடங்கியிருக்கிறது. இரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். முதற் புட்டியில் இன்னும் நாற்பது குளிகை மிச்சம். அதை என்ன செய்வது என்று தினமும் கேட்கிறார்.