தறியும் பரீட்சைப் புள்ளியும்

இலங்கையில் 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம், பாடசாலையைப் பிரதேசத் தொழில்களோடு இணைக்கும் நோக்குடன் தொழில் முன்னிலைப் பாடங்களைப் புகுத்தியது. 1977ஆம் ஆண்டு ஆட்சி மாற்றத்தின் பின் அது கைவிடப்பட்டது. நோக்கம் போற்றுதற்குரியதே. ஆயினும் இத்தகைய திட்டமொன்றின் பேற்றை இறுதிப் பரீட்சைப் புள்ளி மாத்திரம் காட்டிவிடுமா என்பதே வினா.

பெரியநீலாவணைக்கு அயலிலுள்ள மருதமுனை கைத்தறி நெசவுக்குப் பேர்பெற்ற ஊர். நெசவாளர் வீட்டுப் பிள்ளை, பாவும் ஊடையும் பழகிய பின்னரே பாடசாலை வாசலை மிதிக்கின்றது. நெசவு அங்கே பாடமாயின், அப்பிள்ளை ஈற்றில் பெறும் உயர்புள்ளி பாடசாலையின் சாதனையா, வீட்டுத் தறியின் கொடையா? தறியையே தொட்டறியாத மீனவர் பிள்ளை எய்தும் நடுத்தரப் புள்ளியன்றோ ஆசிரியர் உழைப்பின் மெய்யான பயன்! இறுதிப் புள்ளியோ முன்னதைப் புகழ்ந்து பின்னதைத் தாழ்த்தும்.

இதனாலேயே அமெரிக்கக் கல்வியியலாளர் றால்ப் ரைலர், 1949இல் வெளியிட்ட நூலில், தொடக்கத்தில் ஒன்றும் பின்னர் ஒன்றுமாகக் குறைந்தது இரு மதிப்பீடுகள் வேண்டுமென வலியுறுத்தினார். கற்றது நிலைத்ததா என்பதைக் காலங்கழித்து மீண்டும் நோக்குதலும் அவர் முறையில் அடங்கும். கல்வித்திட்டம் எதற்கும் இது பொருந்தும். தொடக்கநிலையை அளவாது ஒரு திட்டத்தைப் புகழ்தல் பொருளற்றது. பின்விளைவை நோக்காது அதனைக் கைவிடுதல் அப்பிள்ளைகளுக்கு இழைக்கும் அநீதியாம்.